கோதுமை ரொட்டியும் சென்னை வெயிலும்

சப்பாத்திக்கான கோதுமை மாவு தவிடோடு அரைபடுவதால் மைதாவைவிட அதிகத் தண்ணீர் இழுக்கும். அரை கிலோ மாவுக்கு ஏறக்குறைய 375 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, 5 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் போதும். மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து அரை மணி நேரம் ஊறவிடுவதைத் தவிர்க்கவே கூடாது. தவிடு மென்மையாகி, குளூட்டன் இழைகளை அறுப்பது குறையும். பிறகு ஈஸ்ட், உப்பு சேர்த்து, ஸ்டாண்ட் மிக்சரின் கொக்கியால் குறைந்த வேகத்தில் எட்டுப் பத்து நிமிடம் பிசைய வேண்டும். மிக்சர் இல்லாத வீடுகளில் வெட் கிரைண்டரோடு வரும் மாவு பிசையும் இணைப்பு உதவும். உராய்வில் மாவு சூடாகும். மே மாதத்து மயிலாப்பூர், அடையாறு சமையலறைகளில் சீக்கிரமே புளித்தும்விடும். அப்போது ஐஸ் தண்ணீர்தான் கைகொடுக்கும். இருமடங்காக உப்பியதும் உருட்டி, அச்சில் மீண்டும் எழும்பவிட்டு, 200 டிகிரி செல்சியஸில் சுமார் 40 நிமிடம் சுட வேண்டும். நன்றாக ஆறுவதற்குள் வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும்.