சிறைக்கோட்டமா, அறக்கோட்டமா?

செம்பூர் ரயில் நிலையத்தின் வாயிலில் கண் தெரியாத பெரியவர் ஒருவர் பாடிக்கொண்டு நிற்பதை நண்பர்கள் பலர் கண்டிருப்பீர்கள். தமிழ்ப் பேச்சு காதில் விழுந்தால் தமிழ்ப் பாட்டு. இல்லையேல் இந்திப் பாட்டு. நாமும் அவசரத்தில் ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டு வகுப்புக்கு ஓடுகிறோம். அவர் செய்வது சட்டப்படி குற்றம் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1959ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் அப்படித்தான் கூறுகிறது. பொது இடத்தில் கையேந்துவது மட்டுமன்று. பாடியோ ஆடியோ, குறி சொல்லியோ, வித்தை காட்டியோ, ஏதேனும் பொருளை விற்பதாகக் காட்டியோ காசு கேட்பதும் அதன்படி பிச்சையே. குடுகுடுப்பைக்காரரும் பூம்பூம் மாட்டுக்காரரும் இந்த வலையில் அகப்படுவர். கண்ணுக்குத் தெரிந்த பிழைப்பு ஏதுமின்றி, பிச்சையால் வாழ்கிறவர் என எண்ணத்தக்க நிலையில் பொது இடத்தில் திரிந்தாலும் போதும். தாதரில் ரயிலை விட்டிறங்கி, கையில் மூட்டையுடன், வேலை தேடி அலைந்த நம் பாட்டன்மார் இந்த இலக்கணத்துக்கு எவ்வளவு தொலைவில் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்!

போலீசார் வாரண்டு இல்லாமலே பிடிக்கலாம். குற்றம் தெளிவானால் 1 ஆண்டு முதல் 3 ஆண்டு வரை காவல் இல்லத்தில் அடைக்கலாம். திரும்பத் திரும்ப அகப்பட்டவருக்கு 10 ஆண்டு வரை அடைப்பு உண்டு. அவரை நம்பி வாழும் குடும்பத்தாரையும் உடன் அடைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. திருடியவனுக்கு இந்திய தண்டனைச் சட்டம் விதித்த மிகுதியான தண்டனை 3 ஆண்டு என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

இரப்பது எப்போது குற்றமாயிற்று? நம் முன்னோர் இரத்தலைப் புகழ்ந்தவர் அல்லர். வள்ளுவர் ‘இரவு’ என ஓர் அதிகாரமும் ‘இரவச்சம்’ என மற்றோர் அதிகாரமும் வகுத்தார். ஆனால் இரந்துதான் உயிர் வாழவேண்டும் என்ற நிலை வந்தபோது அவர் சினம் இரப்பவன்மேல் பாயவில்லை. உலகைப் படைத்தவன்மேல் பாய்ந்தது. மணிமேகலையோ இன்னும் ஒரு படி மேலே சென்றாள். காவிரிப்பூம்பட்டினத்துச் சிறைக்குள் புகுந்து, அமுதசுரபியால் அங்கிருந்தோர் பசியைத் தீர்த்தாள். உனக்கு என்ன வேண்டும் என்று சோழ மன்னன் கேட்டபோது, அச்சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கு என்றாள்; மன்னனும் இசைந்தான். காப்பியத்தின் 19ஆம் காதைக்கு அதுவே பெயர்.

இரப்பவனைத் தண்டிக்கும் எண்ணம் பெரிதும் இங்கிலாந்திலிருந்து வந்தது. கொள்ளை நோயால் கூலியாட்கள் குறைந்துபோக, உடல் வலுவுள்ளவனுக்குப் பிச்சை போடலாகாது என்று 1349இல் அங்கே ஆணை பிறந்தது. 1531இல் சாட்டையடி. 1547இல் மார்பில் சூடு போட்டு இரண்டாண்டு அடிமையாக்கும் சட்டமே வந்தது. அது அந்நாட்டாருக்கே பொறுக்காமல் விரைவில் நீக்கப்பட்டது. 1824இன் நாடோடிச் சட்டம் சிறைத் தண்டனை விதித்தது.

இந்தியாவுக்கு வந்த கதை வேடிக்கையானது. 1874இல் ஆங்கில அரசு கொண்டுவந்த நாடோடிச் சட்டம் இந்தியரைப் பற்றியதே அன்று, ஐரோப்பியரைப் பற்றியது! வேலையிழந்த வெள்ளையர் கறுப்பரிடம் கையேந்தினால் ஆளும் இனத்தின் மானம் என்னாவது? பிடித்து இல்லத்தில் அடைத்தார்கள்; கப்பலேற்றி ஊருக்கும் அனுப்பினார்கள். வறுமை பிறர் கண்ணில் படக்கூடாது என்பதே அங்கு நோக்கம். அந்த நோக்கம் வெள்ளையரோடு கப்பலேறிப் போய்விடவில்லை. சென்னையிலும் பம்பாயிலும் 1945இல் பிச்சைத் தடுப்புச் சட்டங்கள் பிறந்தன. பம்பாய்ச் சட்டத்தின் இடத்தில்தான் 1959ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது.

அதை இயற்றியவர்களைக் கொடியவர் எனல் தகாது. தண்டிப்பதைவிடத் திருத்துவதே மேல், கைத்தொழில் கற்பித்தால் பிச்சை ஒழியும் என்ற அக்காலத்துச் சீர்திருத்த நம்பிக்கை அச்சட்டத்தில் உண்டு. அதனால்தான் சிறை என்னாமல் ‘இல்லம்’ என்றார்கள். நம் செம்பூரிலும் அத்தகைய பிச்சைக்காரர் இல்லம் ஒன்று அமைந்தது. ஆனால் உள்ளிருப்பவர் நினைத்தபோது வெளியேற முடியாத வீட்டை இல்லம் என்பதா, சிறை என்பதா? பெயர் மாறியதே தவிரப் பூட்டு மாறவில்லை என்பது என் கருத்து.

இப்போக்கைக் கண்டித்தவர்களும் செம்பூருக்கு அருகிலேயே இருந்தனர். தேவனாரில் உள்ள டாடா சமூக அறிவியல் கழகம் 2006இல் தொடங்கிய ‘கோஷிஷ்’ என்னும் திட்டத்தினர் இல்லங்களில் அடைபட்டவரிடையே பணிபுரிந்து, வறுமையைக் குற்றமாக்கலாகாது என்று வாதாடினர்.

பம்பாய்ச் சட்டம் 1960இல் தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தது. 2018 ஆகஸ்டு 8ஆம் நாள் தில்லி உயர்நீதிமன்றம், பிச்சையைக் குற்றமாக்கும் பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தள்ளுபடி செய்தது. உணவும் உறைவிடமும் தர அரசு தவறியதன் அடையாளமே தெருவில் நீளும் கை; அக்கைக்கு விலங்கு பூட்டுவது தவறு என்பதே தீர்ப்பின் சாரம். உச்சநீதிமன்றமும் 2021 ஜூலையில், வேறு வழியின்றியே மக்கள் பிச்சையெடுக்கின்றனர் என்று கூறி, அவர்களைத் தெருவிலிருந்து அகற்றச் சொல்ல மறுத்தது.

“எல்லாம் கூட்டமாக நடத்தும் வியாபாரம் ஐயா!” என்று விடுதி நண்பர் ஒருவர் வாதிட்டார். அப்படியும் சில இடங்களில் உண்டு. ஆனால் பிறரைப் பிச்சையெடுக்க வைத்துப் பிழைப்பவனைத் தண்டிக்கும் 11ஆம் பிரிவைத் தில்லி நீதிபதிகள் தொடவில்லை. ஏவியவனுக்குத் தண்டனை அப்படியே நின்றது, ஏவப்பட்டவன் விடுதலையானான்.

அத்தீர்ப்பின் எல்லை தில்லியோடு முடிகிறது. தில்லித் தெருவில் நின்று பாடியிருந்தால் நம் பெரியவர் இச்சட்டப்படி குற்றவாளி அல்லர். செம்பூர் நிலைய வாயிலில் நின்று பாடுகிறார், அதுதான் வம்பு.