வாக்கி-டாக்கி வாங்கும் முன் அலைவரிசையைப் பாருங்கள்

நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்கு இரண்டு வண்டிகளில் கிளம்பும் குடும்பம், சதுரகிரிக்கோ வெள்ளியங்கிரிக்கோ மலையேறும் பக்தர் குழு, பேரப்பிள்ளைகளோடு தாத்தா பாட்டியையும் கொல்லிமலைக்கு அழைத்துச் செல்பவர்கள் என எல்லோருக்கும் ஒரு கவலை பொதுவானது. செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் ஒருவரையொருவர் தவறவிட்டால் என்ன செய்வது? இதற்கு வாக்கி-டாக்கி நல்ல விடை. சிம் வேண்டாம், ரீசார்ஜ் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். பொத்தானை அழுத்திப் பேசினால் குழுவில் உள்ள அனைவருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும்.

ஆனால் சந்தையில் கிடைக்கும் செட்டுகளில் பல, உரிமம் இல்லாத குடும்பம் வைத்திருக்கவே கூடாதவை. வாங்குபவருக்கு அது தெரிவதில்லை. விற்பவர் பலர் சொல்வதும் இல்லை. பாதுகாப்புக்காக வாங்கிய பொருளே வம்பில் மாட்டிவிடாமல் இருக்க, சட்டம், சாதனம், நுகர்வோர் உரிமை ஆகிய மூன்றையும் தெரிந்துகொள்வது நல்லது.

சட்டம் எதை அனுமதிக்கிறது?

வானலைகள் அரசின் கட்டுப்பாட்டில் இருப்பவை. 1933ஆம் ஆண்டின் இந்திய ஒயர்லெஸ் தந்திச் சட்டம், உரிமம் இல்லாமல் ஒலிபரப்புக் கருவி வைத்திருப்பதையே குற்றமாக வைத்தது; மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கும் அதில் இடம் இருந்தது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும், அனுமதியோ விலக்கோ இல்லாமல் ரேடியோ கருவி வைத்திருக்கக் கூடாது என்றே சொல்கிறது.

அந்த விலக்குதான் குடும்பங்களுக்குத் திறந்திருக்கும் வழி. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் இயங்கும் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை. ஐரோப்பாவிலும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டிருப்பது இதே அலைவரிசைதான். அங்கே அதை 16 சேனல்களாகப் பிரித்து, அரை வாட் சக்திக்குள் பயன்படுத்துகிறார்கள்.

உரிமம் தேவையில்லை என்பதற்காக எந்தக் கருவியையும் விற்கலாம் என்று ஆகிவிடாது. அந்த மாடல், தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவிடம் இ.டி.ஏ. எனப்படும் கருவி வகை ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அலைவரிசையும் சரியாக இருக்க வேண்டும், ஒப்புதலும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அந்த செட்டை வாங்காதீர்கள்.

எங்கே தவறு நடக்கிறது?

முதலாவது, வெளிநாட்டிலிருந்து வரும் அன்பளிப்பு. அமெரிக்காவில் குடும்பங்கள் உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் செட்டுகள் 462, 467 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் இயங்குபவை. அங்கே சட்டப்படி சரியானது இங்கே சரியாகாது. இந்த விலக்கில் அந்த அலைவரிசைகள் இல்லை. அங்கிருந்து வரும் மகனோ மகளோ ஒரு ஜோடி வாங்கி வருவதாகச் சொன்னால், வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சாட்டிலைட் போனும், சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் மலையேற்றக் கருவிகளும் இன்னும் பெரிய ஆபத்து. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி அவற்றை இந்தியாவுக்குள் கொண்டுவருவதே தடை.

இரண்டாவது, ஐந்து வாட், எட்டு வாட் என்று விளம்பரப்படுத்தப்படும் மலிவான செட்டுகள். பாவ்ஃபெங் யூ.வி-5ஆர் போன்றவை 136 முதல் 174 வரையும், 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரையும் ஒலிபரப்பக் கூடியவை. காவல் துறை, தீயணைப்பு, பேரிடர் மீட்பு போன்ற சேவைகள் பேசும் அலைவரிசைகளும் இப்பகுதிகளில் வருகின்றன. தெரியாமல் ஒரு பொத்தானை அழுத்தினால், உயிர் காக்கப் போராடும் ஒருவரின் பேச்சில் நாம் குறுக்கிட்டுவிடக் கூடும். ‘446இல் புரோகிராம் செய்து தருகிறோம், பிரச்சினை வராது’ என்று கடைக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள். புரோகிராம் செய்துவிட்டதால் ஐந்து வாட் செட், விலக்கு பெற்ற குறைந்த சக்திக் கருவியாகிவிடாது.

அப்படிப்பட்ட செட்டில் ஆர்வம் இருந்தால் அதற்கும் நேர்வழி உண்டு. தேர்வெழுதி ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் ரேடியோ உரிமம் பெறலாம். 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு, அந்தமானிலிருந்து வெளியுலகுக்குச் செய்தி கொண்டுசேர்த்தது. முறையாகப் பயின்ற கைகளில் அந்தக் கருவி எவ்வளவு பெரிய தொண்டு செய்யும் என்பதற்கு அது சான்று.

மூன்றாவது, குழந்தைகளின் பொம்மை வாக்கி-டாக்கி. பொம்மைதானே என்று விட்டுவிட முடியாது, அதுவும் ஒலிபரப்புகிறது. அலைவரிசையைப் பாருங்கள். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதால் அதையும் பாருங்கள்.

‘10 கிலோமீட்டர்’ எங்கே கிடைக்கும்?

அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது தூரம். பலரும் அதை நம்பித்தான் வாங்குகிறார்கள். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவே அவற்றுக்கு எல்லை. சமதளத்தில் நிற்கும் இருவர் செட்டை ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்திருந்தால், நடுவில் ஒரு மரம்கூட இல்லாவிட்டாலும், எல்லை ஏறத்தாழ 9, 10 கிலோமீட்டரோடு முடிந்துவிடும். கட்டடம், அடர்ந்த காடு, மலை முகடு குறுக்கே வந்தால் தூரம் சட்டென்று சுருங்கும். அரை வாட் செட் நகரத் தெருவிலும் காட்டுப் பாதையிலும் ஒரு கிலோமீட்டரோ அதற்கும் குறைவாகவோதான் எட்டும். மலை உச்சியிலிருந்து திறந்த பள்ளத்தாக்கைப் பார்த்துப் பேசினால் பல கிலோமீட்டர் எட்டுவதும் உண்டு. விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் அந்தச் சாதகமான நிலைதான்.

ஆகவே ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் குழுவுக்கான கருவி இது என்று எடுத்துக்கொண்டு திட்டமிடுங்கள். முன் வண்டியும் பின் வண்டியும், நடைக்கூட்டத்தின் தலையும் வாலும், முகாமும் ஓடைக்கரையும் பேசிக்கொள்ள அது தாராளம். சத்தம் விட்டுவிட்டு வந்தால் மேடான இடத்துக்கு நகருங்கள். செட்டை நிமிர்த்திப் பிடியுங்கள்.

ரகசியம் என்று எதுவும் இல்லை

‘பிரைவசி கோடு’ என்ற வசதி பல செட்டுகளில் இருக்கும். அது பிறர் பேச்சு உங்கள் காதில் விழாமல் தடுக்கும். உங்கள் பேச்சைப் பிறர் கேட்பதைத் தடுக்காது. அதே சேனலில் இருக்கும் எவரும் கேட்கலாம். குழந்தை தனியாக எங்கே நிற்கிறது, நகை எந்தப் பையில் இருக்கிறது, வீட்டில் ஆள் இல்லை என்பவற்றை வாக்கி-டாக்கியில் சொல்லக் கூடாது. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். தெரியாத குரல் அன்பாகப் பேசி இடத்தைக் கேட்டால் பதில் சொல்லாமல் பெரியவரிடம் செட்டைக் கொடுக்க வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* அலைவரிசை 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை என்று பெட்டியிலோ விற்பனைப் பக்கத்திலோ தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.
* இ.டி.ஏ. சான்றிதழைக் கேளுங்கள். அதில் இருக்கும் மாடல் பெயரும் பெட்டியில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அரசின் சரல் சஞ்சார் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.
* மழையிலும் அருவிக்கரையிலும் பயன்படுத்துவதாக இருந்தால் ஐ.பி.67 தரம் நல்லது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் தரம் அது. சாரலுக்கு ஐ.பி.54 போதும்.
* கடையில் கிடைக்கும் சாதாரண பேட்டரியிலும் இயங்கும் செட், மின்சாரம் இல்லாத முகாமில் கைகொடுக்கும். லித்தியம் பேட்டரியிலும் சார்ஜரிலும் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.
* முதியவர்களும் பிள்ளைகளும் கையாள, பெரிய பொத்தானும் சேனல் மாறாமல் பூட்டும் வசதியும் உதவும்.
* பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் தர மறுப்பதையே சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது.

ஏமாந்துவிட்டால் என்ன செய்யலாம்?

பொருளின் தரம், விவரம், விலை ஆகியவற்றை அறியும் உரிமையை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தருகிறது. உரிமம் தேவைப்படும் செட்டை அதைச் சொல்லாமலே விற்பது அந்த உரிமையைப் பறிப்பது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் 13 இணைய விற்பனைத் தளங்களுக்கு இதற்காக நோட்டீஸ் அனுப்பியது. அதே மாதம் ரேடியோ கருவிகளின் சட்டவிரோத விற்பனையைத் தடுக்கும் நெறிமுறைகளையும் வெளியிட்டது. அலைவரிசை, உரிமத் தேவை, இ.டி.ஏ. விவரம் ஆகியவற்றை விற்பனைப் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்பது அவற்றின் சாரம்.

தவறான செட் கைக்கு வந்துவிட்டால் முதலில் அதில் பேசுவதை நிறுத்துங்கள். வேறொருவர் தலையில் கட்டாதீர்கள். விற்பனைப் பக்கம், பெட்டி, பில் ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, எழுத்துமூலம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இணையத் தளங்களின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு விதி. பழுதான பொருளைத் திரும்பப் பெற பில்லில் காலக்கெடு குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று சட்டம் வைத்திருக்கிறது.

அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

கிளம்பும் முன் வீட்டில் பேசி வையுங்கள்

சரியான செட் வாங்கிய பிறகும் அரை மணி நேரப் பழக்கம் தேவை. எல்லா செட்டும் ஒரே சேனலில், ஒரே கோடில் இருக்கட்டும். பொத்தானை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசுங்கள். முடித்ததும் கையை எடுத்தால்தான் மறுபக்கக் குரல் கேட்கும். எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை தொடர்புகொள்வது, பதில் வராவிட்டால் எந்த இடத்தில் கூடுவது என்று முடிவு செய்துவிடுங்கள்.

வாக்கி-டாக்கி இருக்கிறது என்ற தைரியத்தில் அனுமதியில்லாத காட்டுக்குள் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரை நாம் மறக்க முடியாது. வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் முதலில் வேண்டும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பது ஊரில் இருக்கும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் செட்டின் குரல் மீட்புக் குழுவை எட்டாது. சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு ஒருவர் வந்து 112ஐ அழைக்க வேண்டியிருக்கும். அந்த ஒருவர் யார் என்பதையும் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள்.