பழைய காருக்கு டர்போ: பாதி வேலை லேப்டாப்பில்!

கம்ப்யூட்டர் வாங்கிச் சில மாதங்கள் ஆனதும் பலருக்கும் ஓர் ஆசை வரும். கேம்ஸ் வேகமாக ஓட வேண்டும் என்று பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். பழைய எஸ்.எம்.பி.எஸ். அந்தச் சுமையைத் தாங்காமல் சிஸ்டம் தானாக ரீஸ்டார்ட் ஆகும். கார் பிரியர்களுக்கும் இதே ஆசை உண்டு. அவர்கள் மாட்டுவது டர்போ. அங்கே கணக்குத் தவறினால் ரீஸ்டார்ட் ஆகாது, பிஸ்டன் உருகிவிடும்!

இதற்கு நல்ல உதாரணம், ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989-ல் வெளியிட்ட எம்.எக்ஸ்-5. இரண்டு பேர் அமரும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார். 1.6 லிட்டர் என்ஜின், சுமார் 115 குதிரைத்திறன். டர்போ கிடையாது. ஓட்டுவதற்கு அருமையான கார். சக்திதான் கொஞ்சம் குறைவு. எனவே, 1990களின் தொடக்கத்திலேயே பிரிட்டனில் பி.பி.ஆர். நிறுவனம் இதற்கு டர்போ பொருத்தி 150 குதிரைத்திறன் வரை கொண்டு வந்தது. இன்றும் பலர் இதைச் செய்து வருகிறார்கள்.

டர்போ என்ன செய்கிறது?

சாதாரண என்ஜின் வெளிக்காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. அந்தக் காற்றின் அழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல். டர்போ, சைலன்சர் வழியே வீணாகப் போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. இது நிமிடத்திற்கு 1 லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக் கூடியது. உள்ளே 150 கிலோபாஸ்கல் அழுத்தம் கிடைத்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று. அதற்கேற்பக் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம்.

ஆனால் காற்றை அழுத்தினால் அது சூடாகும். சூடான கலவை ஸ்பார்க் பிளக் பொறி வருவதோடு நிற்காமல் தானாகவும் வெடிக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்கிறார்கள். எம்.எக்ஸ்-5 என்ஜின் கலவையை 9.4-க்கு 1 என்ற விகிதத்தில் அழுத்துகிறது. இதே குடும்பத்து என்ஜினை 323 மாடலில் டர்போவுடன் விற்றபோது, மாஸ்டா அந்த விகிதத்தை 7.9-க்குக் குறைத்தது. வீட்டில் டர்போ சேர்ப்பவர் பெரும்பாலும் பிஸ்டனை மாற்றுவதில்லை. எனவே பாதுகாப்பு முழுவதும் காரின் கம்ப்யூட்டர் கையில்!

பழைய கம்ப்யூட்டர் ஏன் போதாது?

எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்பதை முடிவு செய்வது இ.சி.யு. என்ற சிறிய கம்ப்யூட்டர். எம்.எக்ஸ்-5 காரில் காற்றை அளப்பது கதவு போன்ற ஒரு மடல். அது முழுவதும் திறந்த பிறகு எவ்வளவு காற்று கூடினாலும் இ.சி.யு.வுக்குத் தெரியாது. பழைய இன்ஜெக்டர்களும் அவ்வளவு பெட்ரோல் தராது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்றால் வெப்பம் எகிறும்.

மெகாஸ்குவர்ட்

இதற்கு அமெரிக்காவின் புரூஸ் பவுலிங், அல் கிரிப்போ இருவரும் 2001-ல் ஒரு வழி சொன்னார்கள். நாமே சால்டரிங் செய்து தயாரிக்கக் கூடிய இ.சி.யு.; பெயர் மெகாஸ்குவர்ட். முதல் பதிப்பில் இருந்தது 8 பிட் சிப், வேகம் வெறும் 8 மெகாஹெர்ட்ஸ். 6000 ஆர்.பி.எம்.-ல் நான்கு சிலிண்டர் என்ஜின் நொடிக்கு 200 முறை எரிகிறது. அதற்கு அந்தச் சிப் போதுமானதாக இருந்தது!

இதன் உள்ளே இருப்பது எக்ஸெல் ஷீட் போன்ற ஓர் அட்டவணை. ஒரு பக்கம் என்ஜின் வேகம், மறு பக்கம் காற்றழுத்தம். மடலுக்குப் பதிலாக 250 கிலோபாஸ்கல் வரை அளக்கும் சென்சார் உண்டு. முதல் பதிப்பில் 64 கட்டங்கள். அது பெட்ரோலை மட்டுமே கவனித்தது. பிந்தைய பதிப்புகளில் 256 கட்டங்கள் வரை வந்தன. பொறிக்கும் தனி அட்டவணை உண்டு. லேப்டாப்பை இணைத்து, டியூனர்ஸ்டுடியோ என்ற சாப்ட்வேரில் இந்த எண்களை மாற்றலாம். புகைக் குழாயில் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் பொருத்தினால், பெட்ரோல் கட்டங்களைச் சாப்ட்வேரே திருத்தித் தரும்.

பொறி நேரம் அப்படியல்ல. அதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். டர்போ அழுத்தம் கூடக் கூடப் பொறியைத் தாமதப்படுத்த வேண்டும். இங்கே ஒரே ஒரு கட்டத்தில் தவறான எண் இருந்தால் போதும், சில நொடிகளில் என்ஜின் கெட்டுவிடலாம். 'கன்ட்ரோல் இசட்' இங்கே உதவாது.

அனுபவசாலிகள் கடைப்பிடிக்கும் வரிசை

* முதலில் டர்போ இல்லாமலே புதிய இ.சி.யு.வைப் பொருத்தி, கார் சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பார்கள்.
* பெரிய இன்ஜெக்டர், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இரண்டையும் டர்போவோடு சேர்த்தே பொருத்துவார்கள்.
* காற்றும் பெட்ரோலும் 14.7-க்கு 1 என்பது சாதாரண கணக்கு. டர்போ முழு வேகத்தில் இருக்கும்போது 12-க்கு 1 அளவில் பெட்ரோலைக் கூட்டி வைப்பார்கள்.
* குறைந்த அழுத்தத்தில் ஓட்டி, டேட்டா லாக் பைலைப் படித்த பிறகே அழுத்தத்தைக் கூட்டுவார்கள்.
* ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியிட்டுத் தனி பைலாகச் சேமிப்பார்கள்.

கடைசி இரண்டும் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும். பயாஸ் செட்டிங்கோ, ரெஜிஸ்ட்ரியோ, எதைத் தொடும் முன்பும் பேக்கப் எடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்.