கேன் தண்ணியில் பூச்சி இருக்குமா?

எங்க அப்பாயி கேன் தண்ணியை நம்பவே மாட்டாங்க. "எந்தக் குட்டையில மொண்டதோ" என்பாங்க. வெந்நீர்தான் குடிப்பாங்க. அந்தக் காலத்தில் நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் தமிழ்நாட்டிலும் இருந்தது. குளத்துத் தண்ணியோடு உள்ளே போகிற புழு, ஒரு வருஷம் கழித்து காலில் கொப்புளம் உடைந்து நூல் மாதிரி வெளியே வருமாம்! 2000-ல்தான் இந்தியாவில் அது ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இப்போ உள்ள பூச்சிகள் கண்ணுக்கே தெரியாது. அதில் பெரிய கில்லாடி கிரிப்டோஸ்போரிடியம். அதுக்கு கெட்டியான ஓடு இருப்பதால் குளோரின் போட்டாலும் லேசில் சாகாது. 1993-ல் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் குழாய்த் தண்ணியால் சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது இதனால்தான்.

சாகாவிட்டால் என்ன, வடிகட்டிவிடலாமே! அதன் அளவு 4 முதல் 6 மைக்ரான். தண்ணீர் கம்பெனியில் மணல், கரி வடிகட்டிகளுக்குப் பிறகு 1 மைக்ரான் வடிகட்டி இருந்தால் அது நுழைய முடியாது. அடுத்து வரும் ஆர்.ஓ. சவ்வின் துளை அதைவிட மிக மிகச் சின்னது. பிறகு புற ஊதாக் கதிர். தப்பித்த கிருமியும் அதில் பட்டால் பெருக முடியாது. கடைசியில் ஓசோன் வாயு.

இவ்வளவும் செய்து சீல் வைத்து வந்த தண்ணியை நாங்க பானையில் ஊற்றினோம். தம்பி கைகழுவாமல் டம்ளரோடு கையையும் விட்டு மொண்டான். மூணு நாள் வயிற்றுப்போக்கு, பள்ளிக்கூடம் லீவு. இப்போ குழாய் வைத்த பானை வாங்கிட்டோம்.

அப்பாயி மட்டும் இன்னும் வெந்நீர்தான். தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் கிரிப்டோஸ்போரிடியமும் செத்துவிடும் என்பதால் நான் அவங்களோடு சண்டை போடுவதில்லை.