எண்ணிமக் கேமராவுக்குப் பிற நிறுவன பிளாஷைத் தேர்ந்தெடுத்தல்

கேமராவைத் தயாரித்த நிறுவனம் அல்லாமல் வேறொரு நிறுவனம் தயாரிக்கும் பிளாஷ் விளக்கு, பிற நிறுவன பிளாஷ் எனப்படுகிறது. கோடாக்ஸ், யோங்நுவோ, நிசின் போன்ற நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. விலை குறைவு என்பதால் பலரும் இவற்றை வாங்குகின்றனர். வீட்டில் கிடக்கும் பிலிம் காலத்து பிளாஷை எடுத்துப் பொருத்துவோரும் உண்டு. ஆனால் தாங்கியில் நுழைந்துவிட்டதாலேயே ஒரு பிளாஷ் அந்தக் கேமராவுக்குப் பொருந்திவிடுவதில்லை. தொடுமுனை, மின்னழுத்தம், கட்டுப்பாட்டு முறை ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும்.

தொடுமுனைகள்

கேமராவின் மேலுள்ள பிளாஷ் தாங்கி 'ஹாட் ஷூ' எனப்படும். இதன் நடுத் தொடுமுனை பிளாஷை எரியச் செய்கிறது. மற்ற தொடுமுனைகள் வழியே ஒளியளவு போன்ற தகவல்கள் செல்கின்றன. இவற்றின் அமைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சோனி 2012ஆம் ஆண்டு வரை மினோல்ட்டாவிடமிருந்து வந்த தனி வடிவத் தாங்கியைப் பயன்படுத்தியது. 2019இல் வெளியான கேனான் ஈஓஎஸ் 200டி II கேமராவில் நடுத் தொடுமுனையே இல்லை. எனவே நடுத் தொடுமுனையை மட்டும் நம்பியிருக்கும் எளிய பிளாஷ்கள் அதில் எரியா.

மின்னழுத்தம்

பழைய பிளாஷ்கள் சிலவற்றின் தொடுமுனையில் 200 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கும். பழைய பிலிம் கேமராக்களில் இயந்திர முறையில் மூடித் திறக்கும் சுவிட்ச் இருந்ததால் அவை இதைத் தாங்கின. எண்ணிமக் கேமராவில் அதன் இடத்தில் மின்னணுச் சுற்று உள்ளது. அளவுக்கு மீறிய மின்னழுத்தம் அதைப் பழுதாக்கிவிடலாம். ஐஎஸ்ஓ 10330 தரநிலை 24 வோல்ட்டை உச்ச வரம்பாகக் கொள்கிறது. சில கேமராக்கள் 250 வோல்ட் வரை தாங்கும். சில பழைய மாதிரிகளுக்கு 6 வோல்ட்டே வரம்பு. உரிய வரம்பைக் கேமராவின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய பிளாஷைக் கேமராவில் மாட்டும் முன் மல்டிமீட்டரால் அளந்து பார்க்கலாம். மீட்டரை நேர்மின்னோட்ட அளவீட்டில், 500 வோல்ட்டுக்குக் குறையாத வரம்பில் வைக்க வேண்டும். பிளாஷை இயக்கி, தயார்நிலை விளக்கு எரிந்த பின், நடுத் தொடுமுனைக்கும் பக்கவாட்டு உலோகத் தொடுமுனைக்கும் இடையே அளக்க வேண்டும். அளக்கும்போது விரல் உலோகத்தில் படக்கூடாது. பிளாஷின் உள்ளே உள்ள மின்தேக்கியில் உயிருக்கு ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதால் அதைத் திறக்கவும் கூடாது. ஒருமுறை எரிந்துவிட்டது என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. பாதிப்பு பின்னரும் வெளிப்படலாம்.

கட்டுப்பாட்டு முறை

தேவையான ஒளியைக் கேமராவே கணித்து பிளாஷுக்குத் தெரிவிக்கும் முறை டிடிஎல் ஆகும். பிலிம் காலத்தில் பிலிமில் பட்டுத் திரும்பும் ஒளி அளக்கப்பட்டது. எண்ணிமக் கேமராக்கள் பொதுவாகப் படம் எடுக்கும் முன் சிறு ஒளியொன்றை வீசி அளக்கின்றன. ஆகவே பிலிம் காலத்து டிடிஎல் பிளாஷ் பெரும்பாலும் புதிய கேமராவில் தானியங்கியாகச் செயல்படாது. கேனானின் இ-டிடிஎல், நிகானின் ஐ-டிடிஎல் ஆகியவையும் ஒன்றுக்கொன்று பொருந்தா. இதனால் ஒரே பிளாஷ் பல பதிப்புகளாக விற்கப்படுகிறது. கோடாக்ஸ் டிடி685 மாதிரியில் கடைசி எழுத்து 'சி' எனில் கேனான், 'என்' எனில் நிகான், 'எஸ்' எனில் சோனி.

திறன்

பிளாஷின் வலிமையை வழிகாட்டி எண் குறிக்கிறது. அதைத் துளை எண்ணால் வகுத்தால் ஒளி எட்டும் தூரம் கிடைக்கும். ஐஎஸ்ஓ 100இல் வழிகாட்டி எண் 40 மீட்டர் எனில், எஃப்/8 துளையில் 5 மீட்டர். எஃப்/4 துளையில் 10 மீட்டர். ஒளியைக் குவிக்கும் ஜூம் அமைப்பு கூடும்போது இந்த எண்ணும் கூடும். எனவே இரு பிளாஷ்களை ஒரே ஜூம் அளவில் ஒப்பிட வேண்டும்.

வாங்கும்போது

கேமராவின் முழு மாதிரிப் பெயரைக் கூறி, உரிய பதிப்பைக் கேட்டு வாங்க வேண்டும். முடிந்தால் கேமராவைக் கடைக்கு எடுத்துச் சென்று, டிடிஎல் முறையில் அருகிலும் தொலைவிலும் படமெடுத்துப் பார்க்கலாம். பிளாஷின் மென்பொருளைப் புதுப்பிக்க யூஎஸ்பி துளை இருப்பது நல்லது. பின்னர் வாங்கும் புதிய கேமராவுக்கும் அது ஒத்துழைக்க வாய்ப்பு கூடும்.