தரைக்குள் மறையுமுன் பாருங்கள்!

புதிதாக மலசலகூடம் கட்டும்போது டைல்ஸின் நிறத்தையும் கொமட்டின் அழகையும் பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்கிறோம். ஆனால் பின்னாளில் துர்நாற்றமும் கசிவும் வருவது பெரும்பாலும் தரைக்குள் மறைந்த குழாயினால்தான். மேசன் கொங்கிறீட் போடுமுன் இல்லத்தரசிகளே, ஒருமுறை இவற்றைக் கவனியுங்கள்.

கொமட்டிலிருந்து செல்லும் குழாய் 4 அங்குலத்திற்குக் குறையக்கூடாது. 10 அடி நீளத்துக்கு சுமார் இரண்டரை அங்குலச் சரிவு வேண்டும். மட்டமாகப் போட்டால் மலம் தேங்கிவிடும். திரும்பும் இடத்தில் 90 பாகை எல்போ ஒன்றுக்குப் பதிலாக 45 பாகை வளைவுகள் இரண்டைப் பொருத்தினால் அடைப்புக் குறையும். பொருத்துகளின் அகன்ற வாய், நீர் வரும் பக்கத்தை நோக்கியிருக்க வேண்டும். முனைகளை நன்கு துடைத்த பின்பே பீ.வீ.சி. பசை பூச வேண்டும். காற்றுக்குழாய் கூரைக்கு மேலே செல்லட்டும்.

பசை காய்ந்ததும் கீழ் முனையை அடைத்து, குழாயில் நீர் நிரப்பி அரைமணி நேரம் பாருங்கள். நீர்மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது. அன்றே திருத்துவது இலகு. பிறகென்றால் தரையை உடைக்க வேண்டும். அதுவரை கசியும் நஜீஸ், பக்கத்துக் கிணற்றையும் கெடுத்துவிடலாம். நாம் குடிப்பதும் உளூச் செய்வதும் அந்த நீரில்தானே!