"சரி சார்" பிள்ளைகள்

செஸ் சொல்லிக்கொடுப்பவர்களிடம், "உங்களை அதிகம் படுத்துகிற பிள்ளை யார்?" என்று கேட்டுப் பாருங்கள். சேட்டைக்காரனைச் சொல்லமாட்டார்கள். எதிர்த்துக் கேட்பவனோடு மல்லுக்கட்டலாம். காயை நகர்த்திக் காட்டினால் ஒத்துக்கொள்வான். "சரி சார்" என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் கணினியில் செஸ் இன்ஜினைத் தட்டிப் பார்த்து, சார் சொன்னதை மனசுக்குள்ளேயே தள்ளுபடி செய்கிறவன்தான் சிக்கல். சார் சொன்ன நகர்த்தல் ஏன் மோசம் என்று கேட்டால் வாயே திறக்கமாட்டான்.

பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, தன் மாணவர் குகேஷை கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை இன்ஜின் பக்கமே விடவில்லை. 2019இல் பட்டம் வந்தபோது பையனுக்கு வயது 12. இப்படியொரு பிடிவாதத்துக்கு வீடும் சம்மதிக்க வேண்டும். அதுதான் அரிது.

அடுத்தது ரேட்டிங் பயம். 18 வயதுக்குட்பட்டவர், 2300ஐத் தாண்டாதவரை, சம பலமுள்ளவரிடம் தோற்றால் 20 புள்ளி போய்விடும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 10தான். வளரும் பிள்ளை சீக்கிரம் ஏறட்டும் என்று சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே வைத்த விதி, இறங்கும்போதும் அதே வேகம். விளைவு? முதல் சுற்றிலேயே சறுக்கினால் திடீர் வயிற்றுவலி. மீதிச் சுற்றுகளுக்கு ஆள் இல்லை. (வலி சில சமயம் அப்பாவுக்குத்தான் முதலில் வருகிறது.)

தோற்ற பிறகும் உட்கார்ந்து ஆடுவது எப்படி என்பதற்கு, 2022 ஆகஸ்டில் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாடில் நடந்ததைப் பாருங்கள். ஆர்.பி. ரமேஷ் தலைமையில் பதினோராம் தரவரிசையில் இறங்கியது இந்திய 'பி' அணி. குகேஷ், பிரக்ஞானந்தா, நிஹால் சரின், ரௌனக் சாத்வானி எல்லோரும் இருபதைத் தொடாதவர்கள். மூத்தவர் அதிபன் மட்டும். குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் வென்றார். எட்டாவதில் விழுந்தவர் அமெரிக்காவின் கருவானா. பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம், கையில் இருந்த வெற்றியைத் தவறவிட்டார். சமனாவது மிஞ்சியதா? அதுவும் இல்லை, தோல்வி. அணியின் தங்கக் கனவு அங்கே உடைந்தது.

மறுநாள் காலை கடைசிச் சுற்று. குகேஷ் ஜெர்மனியின் கெய்மரோடு டிரா செய்தார். அணி 3-1 என வென்று வெண்கலம் வாங்கியது. முதல் போர்டு தங்கம் அவருக்கே.

செங்கல்பட்டுப் பக்கத்து அப்பாக்கள் பிள்ளைக்குக் கருவானா ஆட்டத்தைத்தான் போட்டுக் காட்டுவார்கள். நான் பயிற்சியாளராக இருந்தால், பத்தாவது சுற்று ஆட்டத்தை எடுத்துவைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, "எங்கே தப்பு?" என்று கேட்பேன்.